ஐஸ் வண்டிக்குத் தெரிந்த தேதி

விழுப்புரம்
4 ஆகஸ்ட் 2025

திரு. இருதய அருண் அவர்களுக்கு,

வழக்கம்போல அண்ணா என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன். கோபம் தீரட்டும், பார்க்கலாம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். என் போனையும் லேப்டாப்பையும் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடிகிறவரை ராக்கெட் ரசிகர்களான நம் 'தரையிறக்கம்' வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒருவரோடும் போனில் பேசக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தபாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இன்னும் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்காது.

நீங்கள் செய்து வைத்த காரியம் உங்களுக்கு முழுதாகத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். போன மாதக் கடைசியில் குழுவில் ஒரு வரி போட்டீர்கள். எங்கள் கம்பெனி ராக்கெட் மேலே போய், திரும்பி வந்து, காலூன்றி நிற்கும் சோதனை வரும் வியாழக்கிழமை என்று. தேதி போட்டால் அது எங்கிருந்து கிடைத்தது என்றும் போட வேண்டும் என்பது நம் குழுவின் வழக்கம். வதந்தி பரவக் கூடாது என்று அட்மின் ஆன நீங்களே கொண்டுவந்த வழக்கம். அதன்படி அடியில் போட்டீர்கள்: "உள்ளே இருக்கும் நம்ம ஆள் சொன்னது."

உள்ளே இருக்கும் நம்ம ஆள் யார்? நான் ஒருத்திதான். ஜனவரியில் எனக்கு இந்த வேலை கிடைத்தபோது பட்டாசுப் படம், லட்டுப் படம் எல்லாம் போட்டுக் குழுவுக்கு அறிவித்தவரே நீங்கள்தான்.

நான் உங்களிடம் தேதி சொன்னேனா? கம்பெனி கேன்டீனில் என்ன சாப்பாடு என்று கேட்டதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டீர்களே.

வியாழக்கிழமை விடிந்தபோது கடற்கரையில் தேர்த் திருவிழாக் கூட்டம். கேமரா, சேனல் மைக், பைக்கில் வந்த பையன்கள். எவனோ ஒருவன் ட்ரோன் விட்டான். அது எங்கள் மேடைக்கு நேர் மேலே வந்து நின்றது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். மார்ச் மாதம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு நடத்திய சோதனையில் ராக்கெட் அழகாக இறங்கி, ஒரு கால் பூட்டாமல் குடை சாய்ந்ததும், அந்த வீடியோவுக்குக் குடிகாரப் பாட்டு போட்டு ஊரே சிரித்ததும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த முறை தேதியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். பொத்தி வைத்ததை நான் உடைத்துவிட்டேன் என்கிறார்கள்.

வேலையில் சேரும்போதே இந்த மாதிரிக் குழுக்களிலிருந்து விலகச் சொன்னார்கள். நான் விலகவில்லை. எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அது என் தப்பு, அதை நான் சுமந்துகொள்கிறேன். உங்கள் தப்பையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அப்பா நேற்று கெடார் நிலத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "மல்லாட்டைக்குக் களை எடுக்க ஆள் கெடைக்காம நான் அலைஞ்சிக்கினு கெடக்கறேன். நீ இன்னாடான்னா ஊட்ல குந்திக்கினு விட்டத்தப் பாத்துக்கினு இருக்குற. நாளைக்கு கொல்லைக்கு வந்து நில்லு." போய் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே நின்றேன். களையெல்லாம் உங்கள் தலையாகத் தெரிந்தது.

அந்தத் தேதியை உங்களுக்குச் சொன்னது யார்? அதை மட்டும் எழுதுங்கள்.

கலைப்பிரியா


திண்டிவனம்
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கலை,

உன் கடிதத்தைத் தபால்காரர் ஐஸ் கம்பெனி வாசலில் கொடுத்தபோது கரண்ட் பில் என்று நினைத்து ஆணியில் மாட்டிவிட்டேன். சாயங்காலம்தான் உன் கையெழுத்தைக் கவனித்தேன். படித்த பிறகு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீ ஏன் போனை எடுக்கவில்லை என்று நான் உன்மேல் கோபமாக வேறு இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

யார் சொன்னது என்று கேட்டாய். யாரும் சொல்லவில்லை. ஐஸ் சொன்னது.

நான் ஐஸ் கம்பெனி நடத்துகிறவன் என்று உனக்குத் தெரியும். அந்த ஐஸ் எங்கே போகிறது என்று நீ யோசித்திருக்க மாட்டாய். பாதிக்கு மேல் மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக்குத்தான் போகிறது. அங்கே கண்ணையன் என்று ஒருவர் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர், என் நெடுநாள் வாடிக்கை. அவர் ஜூலையில் போன் போட்டார். "அருணு, மாசக் கடைசி வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஐஸ் வேணாம்ப்பா. படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிக்கினு போயிட்டானுங்க. ராக்கெட்டு விடறானுங்களாம்." அந்தக் கடற்கரையில் ராக்கெட் விடுகிறவர்கள் உங்கள் கம்பெனியைத் தவிர வேறு யார்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐஸ் நஷ்டம்கூட உறைக்கவில்லை.

அப்படியானால் அதையே எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். எழுதப் போனேன். "ஐஸ் ஆர்டர் கேன்சல் ஆனதிலிருந்து தெரிந்தது" என்று அடித்தும் விட்டேன். அப்போது நம் குழுவில் இருக்கும் புதுச்சேரிப் பேராசிரியர் ஞாபகம் வந்தார். நான் எது போட்டாலும் ஒரு கேள்விக்குறி மட்டும் பதிலாகப் போடுவாரே, அவர்தான். அமெரிக்க ராக்கெட் தேதி என்றால் குழுவில் மற்றவர்கள் ஆதாரமாகக் கடல் எச்சரிக்கை வரைபடத்தைப் போடுகிறார்கள், சாட்டிலைட் படத்தைப் போடுகிறார்கள். அவர்கள் மத்தியில் நான் ஐஸைப் போடுவதா? அழித்துவிட்டு, கெத்தாக இருக்கட்டும் என்று "உள்ளே இருக்கும் நம்ம ஆள்" என்று போட்டேன். மாதா சத்தியமாக, அது உன்னைச் சுட்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. என் மூளையைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

நீ பயப்படாதே. உன் கடிதம் வந்ததும் அந்தப் பதிவைக் குழுவிலிருந்து அழித்துவிட்டேன். கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும்.

அம்மாவுக்கு என் வணக்கம். அப்பாவுக்கும், அவர் வாங்கிக்கொண்டால்.

அருண்


விழுப்புரம்
9 ஆகஸ்ட் 2025

அருண் அவர்களுக்கு,

அழித்துவிட்டீர்களா? யாரைக் கேட்டு அழித்தீர்கள்?

எங்கள் பாதுகாப்பு அதிகாரி சீனுவாசனிடம் அந்தப் பதிவின் படம் ஏற்கனவே இருக்கிறது. என் எதிரில் மேசையில் வைத்துத்தான் விசாரித்தார். இத்தனை நாள் இருந்த பதிவு, நான் வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே காணாமல் போயிருக்கிறது என்றால் அவர் என்ன நினைப்பார்? நானே உங்களிடம் சொல்லி அழிக்கச் சொன்னதாகத்தான் நினைப்பார். நல்லது செய்வதற்கு முன்னால் இனி என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐஸ் கதையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை சிரிப்பு வந்துவிட்டது, அதற்காகவும் உங்கள்மேல் கோபம் வந்தது. எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தவள் நான். மீனுக்குப் போடுகிற ஐஸால் எனக்கு வேலை போகப் போகிறது.

விசாரணைக் குழு இந்த மாதக் கடைசியில் உட்கார்ந்து முடிவு சொல்லும். வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம், அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் அந்தக் கால்கள் இருக்கின்றனவே, மார்ச்சில் பூட்டாமல் போன கால், விரிந்த கால் மடங்காமல் பிடிக்கும் அதன் பூட்டை மாற்றியது எங்கள் பிரிவு. ஒவ்வொரு பூட்டும் விழுகிற சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டு ஒப்புதல் கொடுத்தது நான். அடுத்த சோதனையில் நான் இல்லாமல் அது இறங்கும். நின்றாலும் எனக்குத் தெரியாது, விழுந்தாலும் தெரியாது. உங்களை மாதிரி போனில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை என்னால் தாங்க முடியாது.

போன வருடம் திண்டிவனத்தில் உங்கள் மாதா கோவில் ஹாலில் திரை கட்டி, திரும்பி வந்த அமெரிக்க ராக்கெட்டின் அந்தப் பெரிய பூஸ்டரை ஏவுதளக் கோபுரத்தின் கைகள் பிடித்ததை எல்லோருமாகப் பார்த்தோமே. நாம் போட்ட கூச்சலில் சாமியார் ஓடிவந்து "எத்தனை ரன்னில் ஜெயிச்சோம்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்தேன். அது உங்களுக்கும் தெரியும்.

அதனால் கெஞ்சவில்லை, நேராகவே சொல்கிறேன். கம்பெனிக்குப் போங்கள். ஐஸைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கலைப்பிரியா


திண்டிவனம்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கலை,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். வண்டி பழுது, மாதா விண்ணேற்புத் திருநாள், ஐஸ் கம்பெனியில் மோட்டார் ரிப்பேர் என்று ஒவ்வொன்றாகக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. தேடிப் போனவனுக்குக் காரணமா கிடைக்காது? கடைசியில் என் வீட்டுக்காரி பவுலின் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இன்னிக்கி நீங்க போவலன்னா நானே போய் சொல்லிட்டு வர்றேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். போய்விட்டேன்.

ஐஸ் வண்டியில்தான் போனேன். கேட்டிலேயே நிறுத்தி, தண்ணி சொட்டுகிற வண்டியை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். நடந்து போனேன். உங்கள் சீனுவாசன் சார் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ ஐஸ் பொட்டி சொல்லுச்சுங்கறீங்க" என்றார்.

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா வேணும்?"

"தங்கச்சி மாதிரிங்க."

"அதான் காப்பாத்த வந்துகிறீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு. நீங்க கெளம்புங்க."

கண்ணையனுக்கு வேண்டுமானால் போன் போட்டுத் தருகிறேன் என்றேன். "நீங்க யாருக்கு போன் போட்டாலும் உங்க ஆளுதான் எடுப்பான்" என்றார். அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். நான் இப்படியே வெளியே வந்தால் உன் கதை முடிந்தது என்று தோன்றியது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"செப்டம்பர் மொத வியாழக்கெழமைக்கு மறுபடியும் வச்சிகிறீங்களே சார், அத்தயும் கலைதான் சொல்லுச்சா? அது ஊட்ல குந்திக்கினு இருக்குதே."

கண்ணையன் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். வாடிக்கை ஐஸ் என்பதால் அவர் எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். வேறு யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை.

சீனுவாசன் சார் கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். என் ஆதார் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அனுப்பிவிட்டார்.

நான் சரியாகச் செய்தேனா, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினேனா என்று தெரியவில்லை. வருகிற வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை.

அருண்


விழுப்புரம்
20 ஆகஸ்ட் 2025

எண்ணெய்தான் ஊற்றினீர்கள்.

நேற்று மத்தியானம் சீனுவாசனே வீட்டுக்கு வந்தார். அம்மாவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, வேறு போன் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அருணோடு எப்படித் தொடர்பு என்றார். கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் நம்புகிற மாதிரி சொல்லக் கூடாதா என்பது போல இருந்தது. அம்மா கோபத்தில் அரிசி டப்பாவைத் திறந்து காட்டி, "இதுல தேடிப் பாருங்க சார், போனு உள்ள பொதச்சி வச்சிகிறோம்" என்றாள். அவர் நிஜமாகவே எட்டிப் பார்த்தார்.

இப்போது அவர்கள் நினைப்பது இதுதான். புதுத் தேதியை முடிவு செய்தது நான் வெளியே வந்த பிறகு. ஆகவே உள்ளே எனக்கு இன்னொரு ஆள் இருக்கிறது. அந்த ஆள் எனக்குச் சொல்ல, நான் உங்களுக்குச் சொல்ல. என்னோடு கால் பூட்டில் வேலை செய்த பெண்ணின் போனையும் வாங்கிவிட்டார்களாம். இரண்டு குழந்தை வைத்திருப்பவள். அவளுக்கு உங்கள் பெயரே தெரியாது.

என் ஒருத்தியோடு போயிருக்கும். இப்போது இரண்டு குடும்பம்.

இனி எதுவும் செய்யாதீர்கள். உண்மையைச் சொல்லக்கூடப் போகாதீர்கள். அப்பா இன்று என்னைத் திட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, "சாப்டும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டாமல் இருந்தது எனக்கு அதைவிட மோசமாக இருந்தது.

கலைப்பிரியா


திண்டிவனம்
23 ஆகஸ்ட் 2025

கலை,

முதலில் மூச்சு விடு. பிறகு படி.

எதுவும் செய்யாதே என்று நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று நான் எதுவும் செய்யாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காட்டன் புடவை கட்டிய ஒரு அம்மா இறங்கினார்கள். "நீங்கதான் ஐஸ் அருணா? நான் ஜெசிந்தா" என்றார்கள். மார்ச்சில் பத்திரிகைக்காரர்களிடம் பேசிய உங்கள் திட்டத் தலைவி, அவர்களேதான். என் கையில் இருந்த உறையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் திணித்தேன். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஆனாலும் கை அப்படித்தான் செய்தது.

அவர்கள் அதட்டவில்லை. "புதுத் தேதி எங்கள்ல மூணு பேருக்குத்தான் தெரியும். அந்த மூணு பேருல நானும் ஒருத்தி. நான் சொல்லல. மத்த ரெண்டு பேரும் சொல்லலன்னு சத்தியம் பண்றாங்க. அதனால உங்க ஐஸ நான் நேர்ல பாக்கணும்" என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

காரை இங்கேயே விட்டுவிட்டு என் வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். மரக்காணம் ரோட்டில் போகும்போது ஐஸ் எப்படி உறைகிறது, உப்புத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு குளிர் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பதிலுக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை ஒரு ராக்கெட் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். எவ்வளவு பேஜாரு தெரியுமா?

கடற்கரையில் கண்ணையன் கூடையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களே கேட்டார்கள், அடுத்த மாதம் எந்த நாளெல்லாம் ஐஸ் வேண்டாம் என்று.

"மொத வியாழன், வெள்ளி வேணாம்மா. ராக்கெட்டு. போன தபாவும் சொல்லிக்கினு போனாங்க."

"ராக்கெட்டுன்னு யாரு சொன்னா? நாங்க குடுத்த காயிதத்துல அப்படிப் போடலியே. பாதுகாப்புப் பயிற்சின்னுதான போட்டிருந்துது?"

"பயிற்சின்னா தண்ணி லாரி எதுக்கும்மா வரிசையா வருது? மார்ச்சுல பனைமர உயரம் எழும்பி சாஞ்சுதே, அதுக்கும் இதே காயிதந்தான் குடுத்தீங்க. தலையில வுழுந்துடப் போவுதுன்னு நீங்கதான எங்கள நகந்துக்கச் சொல்றீங்க. எங்களுக்குத் தெரியாம எப்பிடி?"

மேடம் சிரிக்க ஆரம்பித்தார்கள். நிற்க முடியாமல் கவிழ்த்து வைத்த கூடையில் உட்கார்ந்து சிரித்தார்கள். கண்ணையன் பயந்துபோய் டீ வாங்கிவரச் சொன்னார். டீ குடித்துக்கொண்டே மேடம், "உங்க ஊர்ல இத்தனை பேருக்குத் தெரிஞ்சும் ஏன் நீங்க யாரும் வேடிக்கை பாக்க வரல?" என்று கேட்டார்கள். "மீனு இல்லாத நாளு கடலாண்ட எவன் வருவான்? எங்க ஆளுங்க யாரும் போனுல போட்டு வுடலம்மா" என்றார் கண்ணையன். மேடம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது சொன்னார்கள், முடிவு குழுவின் கையில்தான், ஆனால் இதைத் தானே எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போடப்போவதாக. அந்த இன்னொரு பெண்ணின் போன் அன்றைக்கே திரும்பப் போய்விடும் என்றார்கள். இறங்கும்போது ஒரு வார்த்தை: "மிஸ்டர் அருண், உங்க ஐஸால எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. உங்க பெருமையாலதான்." ஆமாங்க என்றேன்.

நல்ல சேதி வரும், கலை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அருண்


விழுப்புரம்
27 ஆகஸ்ட் 2025

அருண் அண்ணா,

எழுதிவிட்டேன் பாருங்கள்.

நேற்று சாயங்காலம் ஜெசிந்தா மேடம் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். கால் பூட்டுப் பரிசோதனை என் பொறுப்பிலேயே இருக்கிறது என்றார்கள். நான் சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓவென்று அழுதேன். அம்மா என்னவோ ஏதோ என்று போனைப் பிடுங்கி மேடத்தைத் திட்டப் போய்விட்டாள். நல்லவேளை, பாதியில் புரிந்துகொண்டாள்.

இன்று பிள்ளையார் சதுர்த்தி. அம்மா கொழுக்கட்டையை அவிக்க அவிக்க நான் தின்றுகொண்டே இருக்கிறேன். ஒரு மாதப் பசி. அப்பா காலையிலிருந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "பொண்ண மறுபடியும் கூப்ட்டுட்டாங்க. அது இல்லன்னா ராக்கெட்டு நிக்காதாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படி யாரும் சொல்லவில்லை. நான் திருத்தப் போவதில்லை.

சீனுவாசன் சாரும் பேசினார். "தப்பா நெனச்சிக்காதம்மா, என் வேலை அப்படி" என்றார். இனிமேல் கடற்கரை ஊர்களுக்கு மறைக்காமல் நேராகவே சொல்லிவிடுவது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத் தூரமாக ஓர் இடம் ஒதுக்கி விடுவது என்று முடிவாகியிருக்கிறதாம். ஆனால் இந்த ஒரு தடவை மட்டும் தேதி வெளியே போகக் கூடாது. மார்ச்சின் சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. கால் நின்ற பிறகுதான் உலகத்துக்குக் காட்டுவார்கள்.

குழுவிலிருந்து நான் விலகுகிறேன். போன் கைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை அதுதான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, நீங்கள் போட்டது பொய் என்று குழுவில் நீங்களே எழுத வேண்டும். பதிவை அழித்தது போதாது. இரண்டாவதை நான் எழுதவே வேண்டியதில்லை. அந்தத் தேதி உங்களுக்குத் தெரியும், எங்கள் சோதனை முழுதும் இப்போது உங்கள் வாயில் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருமா சொல்லுங்கள்.

கலை


திண்டிவனம்
29 ஆகஸ்ட் 2025

என் அன்புத் தங்கச்சி கலை,

உன் கடிதத்தைப் பவுலின்தான் உரக்கப் படித்தாள். அண்ணா என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மேலே படித்தாள். ஒரு மாதமாக ஒழுங்காகத் தூங்காதவன், அன்றைக்கு மத்தியானமே ஐஸ் கம்பெனி பெஞ்சில் குறட்டை விட்டேனாம்.

குழுவில் எழுதிவிட்டேன். "உள்ளே எனக்கு ஆள் யாரும் இல்லை. கலைப்பிரியா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஐஸ் ஆர்டர் நின்றதை வைத்து நான் கண்டுபிடித்தேன், கெத்துக்காகப் பொய் போட்டேன். அதனால் அவளுக்கு நேர்ந்த கஷ்டத்துக்கு நான்தான் காரணம்." அனுப்புகிற பொத்தானை அழுத்த அரைமணி நேரம் பிடித்தது. அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டிக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டேன்.

வந்து பார்த்தால் சிரிப்பு பொம்மை மழை. ஐஸ் அட்மின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் புதுச்சேரிப் பேராசிரியர் என்ன போட்டார் தெரியுமா? "இத்தனை வருடத்தில் இந்தக் குழுவில் வந்த உருப்படியான தகவல் இதுதான். ஐஸ் என்று முதலிலேயே போட்டிருந்தால் நானும் கூட வந்து விசாரித்திருப்பேன்." நான் இவருக்குப் பயந்துதான் பொய்யே போட்டேன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதோடு விட்டார்களா? அடுத்த தேதி எப்போது அட்மின், ஐஸ் என்ன சொல்கிறது என்று விடாமல் கேட்கிறார்கள். நான் "எனக்குத் தெரியாது" என்று போட்டேன். கலை, ராக்கெட் விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று நான் எழுதியது இதுதான் முதல் தடவை. தெரிந்திருக்கும்போது தெரியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் புரிகிறது. நீ எட்டு மாதம் எப்படித் தாங்கினாய்? அதிலும் நான் தினம் நோண்டிக்கொண்டே இருந்தேனே.

அன்றைக்கு நான் கடற்கரைப் பக்கம் வர மாட்டேன். வண்டிச் சாவியைப் பவுலினிடம் கொடுத்துவிட்டேன், நம்பிக்கை இல்லாமல் இல்லை, என்னை எனக்குத் தெரியும். காலைப் பூசைக்குப் போகப்போகிறேன். ஒரு ராக்கெட்டின் நாலு காலுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சாமியாரிடம் சொல்ல முடியாது, தேதி கசிந்துவிடும். நானே மெதுவாக வேண்டிக்கொள்கிறேன்.

போய் வா. தைரியமாகப் போ.

அண்ணன் அருண்


கடற்கரைச் சோதனைத் தளம்
4 செப்டம்பர் 2025

அண்ணா,

கேன்டீன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோருடைய போனும் பூட்டி வைத்திருக்கிறது, சாயங்காலம் வீடியோ வெளியிட்ட பிறகுதான் தருவார்கள். என்னைச் சுற்றி ஒரே கூச்சல். யாரோ என் தலையில் கேசரி போட்டுவிட்டார்கள்.

காலையில் கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு கேமரா இல்லை, ஒரு ட்ரோன் இல்லை. தூரத்தில் படகுகளைக் கரையேற்றிப் போட்டிருந்தார்கள். சீனுவாசன் சார் பைனாகுலர் வைத்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உங்க அண்ணன் வாய மூடிக்கினு இருந்துட்டாருமா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, இன்னும் ராக்கெட்டே கிளம்பவில்லை.

மேலே போகும்போது நான் பார்க்கவில்லை. எல்லோரும் ஏறுவதைப் பார்த்துக் கத்தினார்கள், நான் என் திரையில் நாலு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு விழுந்தால் பச்சை. இறங்க ஆரம்பித்தபோது மூன்று பச்சை வந்தது. நாலாவது வரவில்லை. மார்ச்சில் பூட்டாமல் போன அதே கால். அத்தனை மாதம் காதை வைத்துக் கேட்டேனே, எதைக் கேட்டேன் என்று நினைத்தேன். புழுதி கிளம்பிச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த விளக்கும் பச்சையானது. அது தாமதமாக வந்ததா, எனக்குத்தான் யுகமாகத் தெரிந்ததா என்று இன்னும் கேட்கவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது.

புழுதி அடங்கியபோது நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் புகை, கொஞ்சம் கரி. நாலு காலிலும் நேராக, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. என்னோடு பூட்டு வேலை பார்த்த பெண் என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். ஜெசிந்தா மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதி அண்ணா. இப்படி ஒரு நிம்மதி எனக்குத் தெரிந்ததே இல்லை.

சமையல்காரர் காய்கறி வாங்க ஊருக்குள் போகிறார். இதை உறையில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். சீனுவாசன் சாரிடம் கேட்டுவிட்டேன். "தபாலா? போடும்மா. அது போய்ச் சேர்றதுக்குள்ள நாங்களே ஊருக்குச் சொல்லிடுவோம்" என்று சிரித்தார்.

இது உங்கள் கைக்கு வரும்போது பழைய செய்தி ஆகியிருக்கும். வீடியோவை நீங்களும் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, குழுவில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லி முடித்திருப்பீர்கள். இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நான் முதலில் சொன்னது உங்களிடம்தான்.

கலை